உபதேசியார் தவறவிட்ட ஞாயிறு

கொளஞ்சியப்பனுக்குப் பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் கொடுத்தபோது சத்தியநாதன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சபைப் பதிவேட்டோடு நின்றுபோனது. கள்ளக்குறிச்சியிலும் மலையிலும் அவர் உபதேசியார்தான். மனைவி ராணியம்மாள்கூட, கோபம் வந்தால், "இன்னா உபதேசியாரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

உபதேசியார் என்பவர் போதகருக்கு ஒரு படி கீழே. பிரசங்கம் பண்ணலாம், வியாதிக்காரருக்கு ஜெபிக்கலாம். நற்கருணை என்னும் அப்பமும் திராட்சரசமும் கொடுக்க மட்டும் முடியாது. அதற்குப் போதகர்தான் வரவேண்டும். ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது பெரும்பாலும் உபதேசியாரின் பேனாவில் இருந்தது. நற்கருணைக்கு முந்தின நாள் சாயங்காலம் விருப்பமுள்ளவர்கள் வந்து பெயர் கொடுக்கவேண்டும். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். மறுநாள் ஆராதனையில் ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார். வாசித்த பெயர்க்காரர் மட்டும் முன்னால் போவார். தன் பெயரைக் கடைசியில் வாசித்துவிட்டு அவரும் போய் முழங்கால் போடுவார்.

மனிதர் நல்லவர். பொய் கிடையாது, வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் பேசி ஜெயிக்க முடியாது. அது ஞாயிற்றுக்கிழமை. பத்துக் கட்டளைகளில் மூன்றாம் கற்பனையில் ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொல்லியிருக்கிறது, சொன்னால் சொன்னதுதான் என்பார். ராணியம்மாள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குச் சனிக்கிழமையே மசாலா அரைத்து வைக்கவேண்டும். ஒருமுறை ஞாயிறு காலையில் சவரம் பண்ணிக்கொண்டு கோயிலுக்கு வந்த ஒரு மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாராம். அந்த மாப்பிள்ளை பிறகு மாமியார் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடந்தால் தாழம்பாறை. அங்கே ஒன்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், ஊரைவிட்டுச் சற்று மேட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடம், அதன் பின்னால் நாலைந்து கல்லறைகள். அவ்வளவுதான் சபை. மாதம் ஒருமுறை உபதேசியார் போவார். வருஷத்துக்கு மூன்று முறை போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் மூப்பர் வீரமுத்து எழுத்துக்கூட்டி வேதம் வாசித்து ஜெபத்தை நடத்திவிடுவார்.

அந்தச் சபையில் பச்சையம்மாள் என்றொரு விதவை இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு, ஏர் கிடையாது, மாடு கிடையாது, பிள்ளையும் கிடையாது. மாடு உள்ளவர்கள் அவள் காட்டை உழுதுகொடுப்பார்கள். அதற்குப் பதிலாகக் களையெடுப்பிலும் அறுப்பிலும் வாரம் ஆறு நாளும் அவர்கள் காட்டில் அவள் இறங்கவேண்டும். மலையில் அதுதான் முறை. மிச்சம் இருக்கிற ஒரே நாளில் தன் காட்டைப் பார்த்துக்கொள்வாள். அந்த ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை.

உபதேசியார் இதைப் போதகருக்கு எழுதினார். எழுதினதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பச்சையம்மாளுக்கு நற்கருணை நிறுத்தப்பட்டது. இரண்டு வருஷமாக அவள் ஜெபக்கூடத்தின் கடைசிப் பாயில் உட்கார்ந்து மற்றவர்கள் போய் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1987 செப்டம்பரில் சபைக் கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. அக்டோபரில் போதகர் வரும்போது, இனி ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டேன் என்று சபைக்கு முன்னால் அவள் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும் என்று அதில் இருந்தது. கடிதத்தைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டும் வேலை உபதேசியாருக்கு.

பதினாறாம் தேதி, புதன்கிழமை, அவர் கிளம்பினார். மறுநாள் முதல் ஒரு வாரம், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊரெங்கும் பேச்சாக இருந்தது. ராணியம்மாள் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் கழிச்சுப் போனா இன்னா, கடுதாசி கெட்டா பூடும்?"

"இன்னைக்கு ஏறி நாளைக்கு எறங்கிடப் போறேன். மலைக்குப் போற பஸ்ஸ யாரு மறிக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

சாயங்காலம் பச்சையம்மாள் குடிசை வாசலில் நின்றபடியே கடிதத்தை வாசித்தார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பேரு எடுத்துட்டா, நான் செத்தா எங்கீங்க போடுவீங்க?"

உபதேசியாருக்குப் பதில் தெரியும். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்குக் கூடத்தின் பின்னால் இடம் கிடையாது. அவள் புருஷன் அங்கேதான், வேலியோரம் இரண்டாவதாகக் கிடக்கிறான். "அதெல்லாம் போதகர் ஐயாதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிவிட்டார். அவர் சொன்னதிலேயே கோழைத்தனமான பதில் அதுதான் என்று பின்னால் அவரே ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வெள்ளிமலைக்கு நடந்து போனார். பஸ் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் போனார். கீழே கச்சிராயபாளையம் பக்கமிருந்து குறுக்குவழியில் நடந்தே ஏறிவந்த இரண்டு பேர், ரோட்டோரத்து மரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே தள்ளியிருக்கிறார்கள், போலீஸ் சுட்டுவிட்டது, எங்கெங்கோ குடிசைகள் எரிகின்றன என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் இருவருக்கும் தெரியவில்லை. ராணியம்மாள் கூரை வீட்டில் தனியாக இருக்கிறாள். உபதேசியார் மழையில் நனைந்தபடி நாலு மைல் திரும்பி நடந்தார்.

ஜெபக்கூடத்தின் பக்கவாட்டு அறையில்தான் அவர் தங்கல். ஊருக்கும் கூடத்துக்கும் நடுவில் ஓடும் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டதால் ஊரிலிருந்து யாரும் சும்மா ஏறிவர முடியாது. வீரமுத்துவின் ரேடியோவில் பாட்டரி தீர்ந்து ஒரு வாரமாகிறது. கையில் வேதப்புத்தகம், பாட்டுப் புத்தகம், அந்தக் கடிதம் இவ்வளவுதான். அவர் முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். சர்வவல்லமையுள்ள, அன்பின் பரலோகப் பிதாவே என்று தொடங்கி வழக்கமான வரிசையில் சபைக்காக, தேசத்துக்காக, அதிகாரிகளுக்காக என்று போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கூடத்துக்கே கேட்கிற மாதிரி சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அவருக்கு வெட்கமாகிவிட்டது. யாரும் கேட்காத இடத்தில் ஆண்டவரிடம் எப்படிப் பேசுவது என்று யோசித்தார், சத்தியமாகத் தெரியவில்லை. இருபத்தேழு வருஷம் ஊழியம் செய்தவர்.

சரி, வேதமாவது வாசிப்போம் என்று எடுத்தார். அதிலும் தொல்லை. ஒரு வசனத்தைப் படித்ததும், இது இன்னாருக்குப் பொருந்தும், அதை அடுத்த வாரம் அவருக்கு வைத்துச் சொல்லலாம் என்றே மனம் போயிற்று. இந்த மழையில் அந்த இன்னார் யாரும் பக்கத்தில் இல்லை. அறையில் இருந்த ஒரே ஆள் அவர்தான். வசனங்களெல்லாம் அவரையே பார்க்க ஆரம்பித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டார். அதற்குள் குளிர் எடுத்தது. காய்ச்சல் வந்துவிட்டது.

சனிக்கிழமை முழுக்க அவர் நினைவில்லாமல் கிடந்தார். மேட்டில் ஆள் நடமாட்டமே இல்லையே என்று பச்சையம்மாள் இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி வந்து சாமைக் கஞ்சி ஊட்டினாள், கம்பளியைப் போர்த்தினாள், நெற்றியில் ஈரத் துணி போட்டாள். அவருக்கு அதொன்றும் தெரியாது. மறுநாள் ஞாயிறு. தூங்குகிறவரை எழுப்பவேண்டாம் என்று வீரமுத்து மணி அடிக்காமல் தன் வீட்டிலேயே காலை ஜெபத்தை முடித்துவிட்டார்.

பத்து மணி வாக்கில் உபதேசியார் கண் விழித்தார். காய்ச்சல் விட்டிருந்தது. சாவி கொடுக்காததால் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. நேற்று நனைந்து வந்து படுத்தோம், ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டோம், ஆக இன்று சனிக்கிழமை என்று கணக்குப் போட்டார். வெளியே வந்து பார்த்தால் மழை விட்டிருந்தது, ஆனால் மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. கீழே பச்சையம்மாள் தனியாகத் தன் காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். மழைக்குப் பயந்து இன்று அவளைத் தன் காட்டுக்கு விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். ஏற்கெனவே சாய்ந்த கதிர், இன்னொரு மழை விழுந்தால் மண்ணோடு முளைத்துவிடும். வெள்ளம் வடிந்திருந்த ஓடையைத் தாண்டி அவர் இறங்கிப் போனார்.

"இன்னொரு அருவா இருக்குதாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குங்க?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. இன்னைக்கே முடிச்சுட்டா நாளைக்கு நீ கையக் கட்டிக்கினு கோயிலுக்கு வந்து உக்காரலாம் இல்ல?"

பச்சையம்மாள் மேற்கே கறுத்த வானத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, குடிசைக்குப் போய் அரிவாளை எடுத்துவந்து கொடுத்தாள்.

உபதேசியார் வடக்கனந்தலில் கூலிக்காரர் மகனாகப் பிறந்தவர். கை மறந்திருந்தாலும் இடுப்பு மறக்கவில்லை. முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கினது, அப்புறம் வேலை ஓடியது. அறுக்க அறுக்க வீட்டு நினைப்புதான் வந்தது. "ஆண்டவரே, ராணியைப் பாத்துக்குங்க" என்று வாய் தானாகச் சொன்னது. இரண்டு பிடி அறுப்பதும் மறுபடி அதையே சொல்வதுமாக இருந்தார். சர்வவல்லமை, பரலோகம் எதுவும் கூட வரவில்லை, அந்த மூன்று வார்த்தைதான். நாலாம் தடவையோ ஐந்தாம் தடவையோ வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து பச்சையம்மாள், "ஆமென்" என்றாள். உபதேசியார் குனிந்தபடியே அழுதார். மனைவிக்காக வந்த அழுகைதான், ஆனால் ஆண்டவர் கேட்டுவிட்டார் என்கிற ஆறுதலும் அதில் கலந்திருந்தது. அப்படி ஒரு ஜெபம் தன் ஊழியத்தில் அதுவரை வந்ததில்லை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மழை இறங்குவதற்குள் கட்டுகளைக் குடிசைக்குள் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கு மணி அடித்தார். அன்று திங்கட்கிழமை. ஊரே அறுப்புக்கு இறங்கும் நேரம். மணிச் சத்தம் கேட்டதும் வீரமுத்து கையிலிருந்த அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வீடு வீடாகப் போய், "யாரும் வாயத் தொறக்காதீங்க. பாவம், காச்சல்ல கெடந்த மனுஷன். குளிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒன்பது குடும்பமும் குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்து பாயில் உட்கார்ந்தது. வெயில் நன்றாக அடித்தது. அறுப்புக்கு அதைவிட நல்ல நாள் அந்த மாதத்தில் வாய்க்கவில்லை.

உபதேசியாருக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. மூன்றாம் கற்பனையை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விளாசினார். ஆறு நாள் போதாதா உங்களுக்கு, ஆண்டவருடைய நாளிலும் கை வைக்கவேண்டுமா என்று கேட்டார். நேற்று ஒரு விதவைக்குச் சனிக்கிழமையே வேலை முடிந்தது எப்படி என்றும் உதாரணம் காட்டினார். ஒன்பது குடும்பமும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டது. சின்னப் பிள்ளைகள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டன.

அடுத்த நாலு நாளும் ஊர் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியது. வெள்ளிக்கிழமை, அதாவது உபதேசியாரின் வியாழக்கிழமை, பஸ் வருகிறது என்று சேதி வந்தது. பையோடு வெள்ளிமலைக்குப் போனார். மலை பஸ் கண்டக்டர் அவரைப் பார்த்ததும் கத்தினார்.

"உபதேசியாரே! உசுரோட இருக்கீங்களா? உங்க வூட்ல தெனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழுதுகினு நிக்கிறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாக்கிறாங்க. உங்க தெருவுக்கு யாரும் வரல."

உபதேசியார் அங்கேயே நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு, "நாளைக்கு வெள்ளிக்கெழம உபவாச ஜெபத்துக்கு நேரத்தோட போயிடலாம்" என்றார்.

"நாளைக்கா? இன்னைக்கே வெள்ளிதாங்க" என்று கண்டக்டர் டிக்கெட் பையிலிருந்த அன்றைய செய்தித்தாளை நீட்டினார். செப்டம்பர் 25, வெள்ளி.

உபதேசியார் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். அரிவாள் பிடித்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கம் பண்ணின நாள் திங்கட்கிழமை. அந்த ஒரு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவமானத்தில் காது சுட்டது. பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் கீழே யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. மலைக்காரர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு துண்டுக் காகிதத்தில், சுகமாயிருக்கிறேன், நாளை வருகிறேன் என்று ராணியம்மாளுக்கு எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, திரும்பி நாலு மைல் நடந்தார்.

பச்சையம்மாள் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஞாயித்துக்கெழமன்னு ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"எப்படிங்க சொல்றது? ஆசையா அருவா கேக்கறீங்க. சொன்னா மனசு நொந்து போவீங்க. மழ வேற வருது. கூட ஒரு ஆளு வந்து இந்தக் காட்டுல குனிஞ்சு எத்தினி வருசமாச்சு." முறத்தைத் தட்டி உமியைப் பறக்கவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் தப்பு பண்ணா நீங்க ஐயாவுக்கு எழுதறீங்க. நீங்க தப்பு பண்ணா நான் யாருக்குங்க எழுதறது?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு போதகர் வந்தார். உபதேசியார் நோட்டைப் பிரித்துப் பெயர்களை வாசித்தார். பதினேழு பெயர். மூடிவிட்டார். போதகர் காத்திருந்து பார்த்துவிட்டு, "உங்க பேரு?" என்றார்.

"எழுதலீங்க ஐயா." எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார். "செப்டம்பர் இருவதாம் தேதி ஞாயித்துக்கெழம, பச்சையம்மா காட்டுல நான் சாம அறுத்தேன். நாள் தெரியாம அறுத்தேன். மறுநாள் திங்கக்கெழமய ஞாயிறுன்னு நெனச்சு மணி அடிச்சேன். இவங்க எல்லாரும் என் மொகத்துக்காக அறுப்ப உட்டுட்டு வந்து உக்காந்தாங்க. அவங்களுக்கு நான் ஓய்வுநாளப் பத்திப் புத்தி சொன்னேன். இந்த நோட்ட நீங்க வாங்கிக்குங்க. இதுல யார் பேரையும் அடிக்க எனக்கு யோக்கியத இல்ல." சொல்லிவிட்டுப் போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தார்.

போதகர் நல்ல அனுபவஸ்தர். நோட்டை வாங்கி அதில் இரண்டு பெயரை அவரே எழுதினார். வாசித்தார். "பச்சையம்மாள். சத்தியநாதன்." உபதேசியாருக்கு அது தன் பெயர்தான் என்று உறைக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

பச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கைகூப்பினாள். "ஐயா, வர்ற ஞாயித்துக்கெழம கேவுரு அறுக்கணுங்க. ஆறு நாளும் அடுத்தவங்க காட்டுல நிக்கிறேன். இன்னைக்கு வந்து வாங்கிட்டு அடுத்த வாரம் அருவாளத் தூக்கினா, நான் ஆண்டவர ஏமாத்தினவளா பூடுவேன். வேணாங்க."

இரண்டு வருஷம் ஏங்கினவள் சொன்னாள். கல்லறையில் தன் இடம் போகும் என்று தெரிந்தும் சொன்னாள்.

உபதேசியார் எழுந்தார். "சனிக்கெழம காலைல பஸ்ஸுல நான் வர்றேன். கேவுர நான் அறுக்கறேன். அறுப்பு முடியற வரைக்கும் சனிக்கெழமன்னா நான் இங்கதான். ஞாயித்துக்கெழம உனக்கு வேல இல்ல."

"காலு வலிக்குமேங்க, நாலு மைலு."

"வலிக்கட்டும்."

வீரமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் வர்றங்க. என் கேவுரு ரெண்டு நாள் நின்னா ஒண்ணும் கொட்டிப்பூடாது" என்றார். பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளும் உபதேசியாரும் சேர்ந்து முன்னால் போய் முழங்கால் போட்டார்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. பத்து வருஷம், களையெடுப்புக்கும் அறுப்புக்கும், சனிக்கிழமைகளில் அவர் மலை ஏறினார். பஸ்ஸில் கூடவே ராணியம்மாளும் சில நாள் வந்தாள். போதகருக்கு அவர் எழுதுகிற கடிதங்கள் சுருங்கிப்போயின. ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு நாள் வேலை செய்துவிட்டு எழுதுவது என்று வைத்துக்கொண்டார். செய்து முடித்தபின் பெரும்பாலும் எழுத ஒன்றும் இருக்காது.

1997 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பச்சையம்மாள் இறந்துபோனாள். உபதேசியார் அன்று அங்கேதான் இருந்தார். மழைக்காலம், உடலை வைத்திருக்க முடியாது. குழியை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெட்டவேண்டும். விடிந்ததும் வீரமுத்து மண்வெட்டியை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். உபதேசியார் அதை வாங்கிக்கொண்டு வேலியோரம் போய், அவள் புருஷனுக்குப் பக்கத்தில் முதல் வெட்டு வெட்டினார்.